போர்ப் படங்களில் மனமிசையா வீரன்

போர்ப் படம் என்றதும் நம்மில் பலருடைய நினைவில் எழுவன பீரங்கி முழக்கமும், புகைமண்டலமும், அணிவகுத்து முன்னேறும் சேனையுமே ஆகும். இவை எவ்வளவுக்கெவ்வளவு தத்ரூபமாக அமைகின்றனவோ, அவ்வளவுக்கவ்வளவு படமும் உண்மையானது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் சென்ற நூறாண்டுகளில் உலகம் போற்றிய போர்ப் படங்கள் சிலவற்றை ஊன்றி நோக்கினால், அவற்றின் உண்மை துப்பாக்கியை ஏந்தி நிற்கும் மனிதனின் உள்ளத்தில் அடங்கியிருப்பது விளங்கும். அந்த மனிதன் பெரும்பாலும் போரை விரும்பிச் சென்றவன் அல்லன். விரும்பிச் சென்றிருந்தாலும், அங்கே நிலைத்திருக்க விரும்பாதவன். அத்தகைய மனமிசையா வீரனைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

முதலில் தத்ரூபம் என்பதை ஆராய்வோம். 1916ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தின் சோம் நதிப் பிரதேசத்தில் பெரும்போர் நடந்துகொண்டிருக்கையிலேயே, அதனைப் படம்பிடித்து ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டனில் திரையிட்டார்கள். அந்த ஊமைப் படத்தை ஆறு வாரங்களில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் கண்டனர் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் பெரும்பகுதி போர்முனையிலேயே எடுக்கப்பட்டது. ஆயினும், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாய்கையில் ஒருவன் சரிந்து விழுகிறானே, மக்களை மிகவும் உலுக்கிய அந்தக் காட்சி போர்முனைக்கு வெகு பின்னால் நடிக்கவைத்து எடுக்கப்பட்டதாகும். காயமுற்ற தோழனைத் தோளில் சுமந்துவரும் சிப்பாயின் களைத்த முகமோ மெய்யாகவே களத்தில் கண்ட முகம். இன்று பார்க்கும்போதும் நம் மனத்தில் நிற்பது அந்த முகம்தான்.

அத்தகைய முகத்தைக் கதைப்படத்தின் நடுவே நிறுத்திய பெருமை 1930இல் வெளிவந்த அமெரிக்கப் படம் ஒன்றைச் சேரும். ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் மரியா ரிமார்க் எழுதிய 'மேற்கு முனையில் யாவும் அமைதி' என்ற நாவலைத் தழுவி, லூயிஸ் மைல்ஸ்டோன் அதனை இயக்கினார். சிறந்த படம், சிறந்த இயக்கம் ஆகிய இரண்டுக்கும் அது ஆஸ்கார் விருது பெற்றது. பள்ளி ஆசிரியரின் ஆவேச உரையைக் கேட்டு வகுப்பு முழுவதுமே படையில் சேர்கிறது. அவ்விளைஞர்களுள் ஒருவனான பால், களத்தில் ஒரு பிரெஞ்சு வீரனைக் குத்திவிட்டு, குண்டு விழுந்த பள்ளத்தில் அவனோடு இரவைக் கழிக்க நேரிடுகிறது. இறந்துபோனவனிடம் அவன் மன்னிப்பு வேண்டிக் கதறுகிறான். பிறகு விடுப்பில் ஊர் திரும்பி, பழைய வகுப்பறையில் போரின் கொடுமையை உள்ளபடி உரைக்கும்போது, சிறுவர்கள் அவனைக் கோழை என்கிறார்கள். விடுப்பு முடிவதற்கு முன்பே அவன் போர்முனைக்குத் திரும்பிவிடுகிறான். தன் சொல்லைப் புரிந்துகொள்ளும் மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது அவன் நிலை.

இக்கதையில் தோல்வியுற்ற படையின் வீரன் போரை வெறுப்பவனாகக் காட்டப்பட்டது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1930 டிசம்பரில் பெர்லினில் படம் திரையிடப்பட்டபோது, கோயபல்சின் தலைமையில் நாஜிக் கட்சியினர் அரங்கினுள் நாற்றக் குண்டுகளை வீசினர், வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டனர். சில நாட்களுக்குள் ஜெர்மனியில் படம் தடைசெய்யப்பட்டது. அதே நாவலை ஜெர்மானியரே தம் மொழியில் 2022இல் படமாக்கினர். அது 2023இல் நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது.

பாலாக நடித்தவர் லூ ஏர்ஸ் என்னும் இளைஞர். அப்போது அவருக்கு வயது இருபதை ஒட்டியிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ஈடுபட்டிருந்த 1942இல், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். அவர் நடித்த படங்களைத் திரையிடப் பல அரங்குகள் மறுத்தன. ஆனால் ஆபத்தை விட்டு அவர் ஒதுங்கியவர் அல்லர். படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்து, பசிபிக் போர்முனையில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தார். கொல்ல மனமில்லாமை வேறு, கோழைத்தனம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மனமிசையா வீரனைக் காட்டும் படங்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. 1941இல் வெளிவந்த 'சார்ஜென்ட் யார்க்' படமும் மெய்யாக வாழ்ந்த ஒருவரின் வரலாறே. மதநம்பிக்கையின் காரணமாகப் போருக்கு மறுத்த ஆல்வின் யார்க், 1918இல் ஒரே நாளில் தம் சிறு குழுவினருடன் 132 ஜெர்மானியரைச் சிறைப்பிடித்தார். படத்தில் அவருடைய தயக்கம் ஒரு வாசற்படியாக அமைகிறது. அதனைத் தாண்டியபின் நாம் காண்பது வெற்றி வீரரை. அமெரிக்கா போரில் இறங்குவதா வேண்டாவா என்று விவாதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது என்பதையும் நாம் மறத்தலாகாது. தயக்கம் கடக்கப்படவேண்டிய படியா, இறுதிவரை தீராத வேதனையா என்பதிலேதான் இருவகைப் படங்களும் பிரிகின்றன.

சோவியத் நாட்டில் 1959இல் கிரிகோரி சுக்ராய் இயக்கிய 'ஒரு படைவீரனின் காவியம்' இரண்டாம் வகையைச் சார்ந்தது. சுக்ராய் தாமே போரில் காயமுற்றவர். பத்தொன்பது வயது அல்யோஷா, தன்னைத் துரத்திவரும் டாங்கிகளைக் கண்டு நடுநடுங்கி ஓடுகிறான்; வேறு வழியின்றிச் சுட்டு, இரண்டை அழித்துவிடுகிறான். பயந்துபோய்ச் சுட்டேன் என்று தளபதியிடம் ஒளிக்காமல் சொல்கிறான். பதக்கம் தர முன்வந்தவரிடம், அதற்குப் பதிலாகத் தாயைக் கண்டு வீட்டுக் கூரையைச் செப்பனிட்டு வர விடுப்புக் கேட்கிறான். ஆறு நாட்கள் கிடைக்கின்றன: போக இரண்டு, வர இரண்டு, கூரைக்கு இரண்டு. வழியில் காலிழந்த வீரனுக்குத் துணை நிற்பதிலும், பிறருக்கு உதவுவதிலும், தாமதமாகும் ரயில்களிலும் நாட்கள் கழிந்துபோகின்றன. ஊரை அடைந்தபோது தாயைத் தழுவிக்கொள்ளச் சில நிமிஷங்களே எஞ்சுகின்றன. அவன் திரும்பி வரவே இல்லை என்பது தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. பிழைப்பின் நிமித்தம் ஊரைவிட்டு வெகு தொலைவில் வாழும் நமக்கு, விடுப்பில் பாதி ரயிலிலேயே கரைவது புதிதன்று. ஆகவே அந்தத் தாய் பாதையை நோக்கி நிற்கும் காட்சிக்குப் பொருள் கூற நமக்கு எவரும் தேவையில்லை.

ஜப்பானியர் மசாக்கி கோபயாஷி 1959 முதல் 1961 வரை மூன்று பாகங்களாக எடுத்த 'மனித நிலை' இன்னும் கடுமையானது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. நாயகன் கஜி, படைச்சேவையிலிருந்து விலக்குப் பெறும்பொருட்டு மஞ்சூரியாவில் சுரங்க வேலையை ஏற்கிறான். அங்கே அடிமைகளைப்போல் வதைபடும் சீனக் கைதிகளுக்காகப் பரிந்து பேசியதன் பயனாக, விலக்கு பறிபோகிறது, அவனே சிப்பாயாகிறான். ஒரு கொடுமையிலிருந்து விலகி நிற்க முயன்றவன் மற்றொன்றில் பங்காளியாக நேர்வதைப் படம் படிப்படியாக விளக்குகிறது. கோபயாஷியும் மஞ்சூரியாவில் சிப்பாயாக இருந்தவர். பதவி உயர்வு வந்தபோது மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகவே நின்றவர். சொந்த அனுபவத்தின் அழுத்தம் அப்படத்தில் புலப்படுகிறது.

நம் நாட்டிலும் இதற்கு அண்மையான படம் ஒன்றுண்டு. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரைப் பின்னணியாகக் கொண்டு சேத்தன் ஆனந்த் 1964இல் வெளியிட்ட 'ஹகீகத்' என்ற இந்திப் படத்தின் பெயருக்கே 'உண்மை நிலை' என்பது பொருள். லடாக்கின் மலைகளிலேயே பல காட்சிகள் எடுக்கப்பட்டன. அதன் வீரர்கள் கடமையை மறுப்பவர் அல்லர். நாட்டுக்காக உயிரையும் கொடுப்பவர். எனினும், பனிமலையில் வீட்டை எண்ணி அவர்கள் பாடும் பாட்டு, முகமது ரபி, தலத் மகமூத், மன்னா தே, பூபிந்தர் ஆகிய நால்வர் குரலில், வானொலி வழியாக வடநாட்டு வீடுகளில் எல்லாம் ஒலித்தது. பகைவனை எதிர்க்கும் உறுதியும் வீடு திரும்பும் ஏக்கமும் ஒரே நெஞ்சில் தங்கக்கூடும் என்று அப்பாட்டு உணர்த்திற்று.

புறநானூற்றில் ஒற்றை மகனையும் போருக்கு அனுப்பிய தாயைப் பற்றிப் பள்ளியில் கற்று வளர்ந்த நமக்கு, இப்படங்கள் முதலில் சற்று அன்னியமாகத் தோன்றலாம். அவை வீரத்தை இகழ்வன என்று கொள்ளுதல் தகாது. வீரத்துக்குக் கொடுக்கும் விலை இன்னது என்று கணக்குக் காட்டுவன அவை. விலையை மறைத்து வீரத்தை மட்டும் காட்டும் படம், வகுப்பறையில் ஆவேசமாகப் பேசிய அந்த ஆசிரியரின் வேலையையே செய்கிறது.

ஆகவே, இனி ஒரு போர்ப் படத்தை நம் பிள்ளைகளோடு பார்க்க நேர்ந்தால், மூன்று கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ளலாம். வீரனின் அச்சம் இதில் மறைக்கப்படாமல் இடம்பெற்றிருக்கிறதா? எதிர்த்து நிற்பவனுக்கும் ஒரு முகம் உண்டா? வீட்டில் காத்திருப்பவர் நம் நினைவில் நிற்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைக்குமானால், பீரங்கி அட்டையால் செய்யப்பட்டதாயினும் அந்தப் படம் உண்மையானதே.