பாடசாலைத் தோட்டமும் கமக்காரரும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது முதுமொழி. விதை, மண், நீர் என்பனபற்றி நூலிற் படித்த மாணவர், ஒரு பாத்தியைத் தாமே கொத்தி, நட்டு, நீர் இறைத்து, விளைவை நிறுத்துப் பார்க்கும்போதே அக்கல்வி முழுமை பெறுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதற்கு வேண்டிய நிலமும் அனுபவமும் கமக்காரரிடம் நிரம்ப உள்ளன.

செய்து கற்கும் முறை இலங்கைக்குப் புதியதன்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கு பாடசாலைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. 1930 களில், சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவிற் கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 1972 இல் தொழில் முன்னிலைப் பாடங்கள் புகுத்தப்பட்டன. அவை நெடுங்காலம் நிலைக்கவில்லை. இன்று விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும் என்னும் பாடம் சாதாரண தரத்தில் உண்டு. அதனைத் தோட்டத்தோடு இணைத்தலே வேண்டப்படுவது.

இதனால் வரும் நன்மை மாணவரோடு நின்றுவிடாது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களில் இறங்கித் தங்கி, கிணறுகளில் ஊறுகின்றது. குடிப்பதற்கும் பயிருக்கு இறைப்பதற்கும் அந்நீரே ஆதாரம். 100 கிலோகிராம் யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. பயிர் எடுத்துக்கொள்ளாத பகுதி நைத்திரேற்றாக மாறி, மிகையாக இறைத்த நீரோடு கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை கடந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு பயக்கும். ஆகவே அளந்து பசளையிடவும் அளவாக இறைக்கவும் இளமையிலேயே பழகுதல் இன்றியமையாதது.

மாணவர் எளிதிற் செய்யத்தக்க பயிற்சிகள் இரண்டு.

முதலாவது, விதைநெல்லின் முளைதிறனைச் சோதித்தல். காலபோக விதைப்புக்கு முன்னர், விதைநெல்லிலிருந்து பொறுக்கித் தெரியாது 100 மணிகளை எண்ணி எடுத்து, ஓர் இரவு ஊறவிட்டு, ஈரத் துணியிற் சுற்றி, ஈரம் உலராது காக்க வேண்டும். ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணிக் குறித்தல் வேண்டும். 85 மணிகளுக்குக் குறைவாக முளைப்பின், வேறு விதை தேடுதல் நன்று. இச்சோதனையால் விதைப்புக்கு முன்பே நட்டம் தவிர்க்கப்படும்.

இரண்டாவது, வெங்காயச் செய்கையில் இரு பாத்திகளை ஒப்பிடுதல். ஒரே அளவான இரு பாத்திகளில், ஒரே இன விதை வெங்காயத்தை ஒரே நாளில், ஒரே எண்ணிக்கையில் நடுக. ஒன்றுக்குக் கமக்காரர் வழக்கமாக இடும் பசளையையும், மற்றதற்கு விவசாயப் போதனாசிரியர் கூறும் அளவையும் இடுக. இட்ட பசளையின் நிறை, இட்ட நாள், இறைத்த வாளிகள், செலவு ஆகியவற்றை மாணவர் அன்றன்றே எழுத வேண்டும். கிளறிக் காயவிட்டபின் இரண்டையும் தனித்தனியே நிறுத்து, வரவு செலவு பார்க்க வேண்டும். எப்பாத்தி கூட விளைந்ததாயினும் அதனை உள்ளவாறே பதிதல் வேண்டும்.

கமக்காரர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. மாணவர் கற்க வருவோர். கூலியாட்களுக்குப் பதிலாக அவர்களை வேலை வாங்குதல் தகாது. கிருமிநாசினி தெளித்த தோட்டத்துக்குள் அவர்களை விடலாகாது. தெளிகருவியை அவர்கள் கையிற் கொடுத்தலும் ஆகாது. குழை தாழ்த்தல், எருவை மக்கச்செய்தல், நாற்றுமேடை அமைத்தல் முதலிய பழந்தொழில்களைச் செய்து காட்டி, "ஏன்" என்று அவர்கள் வினவுமிடத்துப் பொறுமையோடு விடை கூறுதல் வேண்டும்.

பாடசாலைக்கு அண்மையிலுள்ள கமக்காரர் ஒருவர் ஒரு போகத்துக்கு இரு பாத்திகளை ஒதுக்கினாற் போதும். அதிபரோடும் போதனாசிரியரோடும் பேசி, நடுகைக்கு முன்பே நாட்களை வகுத்துக்கொள்ளுதல் சிறந்தது. மாணவரின் குறிப்புப் புத்தகத்தில் எழும் கணக்கு, அடுத்த போகத்தில் அக்கமக்காரருக்கும் பயன்படும்.