மாவுப்பொருள் செரிமானம்

மாவுப்பொருள் செரிமானம் என்பது சோறு, இட்லி, கிழங்கு முதலிய உணவுகளிலுள்ள மாவுப்பொருளை மனிதச் செரிமான மண்டலம் குளுக்கோசாக உடைத்து உறிஞ்சிக்கொள்ளும் செயலாகும். மாவுப்பொருள் என்பது குளுக்கோசு மூலக்கூறுகள் பல இணைந்த நீண்ட சங்கிலி. உடைபடாத சங்கிலி குடற்சுவரைக் கடக்க இயலாது.

செயல்முறை

உமிழ்நீரிலுள்ள அமைலேசு என்னும் நொதியம் இவ்வேலையை வாயிலேயே தொடங்குகின்றது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான். இரைப்பை அமிலம் இந்நொதியத்தைச் செயலிழக்கச் செய்யும். எஞ்சிய மாவுப்பொருளைச் சிறுகுடலில் கணைய அமைலேசு துண்டாக்குகின்றது. சிறு துண்டுகளைக் குடலுறிஞ்சிகளின் மேற்பரப்பில் பதிந்துள்ள நொதியங்கள் குளுக்கோசாக்குகின்றன. நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களின் ஆலைகளில் கரும்பிலிருந்து எடுக்கப்படும் சர்க்கரைக்கு அமைலேசு தேவையில்லை. அது நேரே இக்கடைசிக் கட்டத்தில் குளுக்கோசு, புருக்டோசு என இரண்டாகப் பிரியும்.

குளுக்கோசு தனியே உள்ளே செல்வதில்லை. குடற்கலத்திலுள்ள ஒரு புரதம் ஒரு குளுக்கோசுடன் இரண்டு சோடியம் அயனிகளையும் சேர்த்தே கடத்துகின்றது. நீர் அவற்றைப் பின்தொடர்கின்றது. வாந்திபேதி நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டச் செய்தாலும் இவ்வழியை அடைப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர்காப்பது இதனாலேயே. 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கியிருந்த பன்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிசு இக்கரைசலைக் கொண்டு பலரைக் காப்பாற்றினார்.

வேலூர் ஆய்வு

அமைலேசுக்கு உடைபடாத மாவுப்பொருளும் உண்டு. அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்துச் சிறுசங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாறுகின்றது. இவ்வமிலங்கள் பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சத் துணைபுரிகின்றன. வழக்கமான கரைசலோ சிறுகுடலில் மட்டுமே வேலை செய்வது. பேதியின் அளவை அது பெரிதும் குறைப்பதில்லை.

இக்குறையைத் தீர்க்க வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பா. சீ. இராமகிருட்டிணாவும் குழுவினரும் வாந்திபேதி நோயாளிகள் 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. ஒரு குழுவுக்கு வழக்கமான கரைசல் கொடுக்கப்பட்டது. மற்ற இரு குழுக்களுக்கு அதனுடன் லிட்டருக்கு 50 கிராம் அரிசிமாவோ, உடைபடாத வகை மக்காச்சோள மாவுப்பொருளோ சேர்க்கப்பட்டது. வழக்கமான கரைசலில் பேதி சராசரியாக ஏறத்தாழ 91 மணி நேரமும், அரிசிமாவில் 71 மணி நேரமும், மக்காச்சோள மாவுப்பொருளில் 57 மணி நேரமும் நீடித்தது.

வடித்த சோறு ஆறும்போதும் மாவுப்பொருளில் ஒரு பகுதி இவ்வாறு உடைபடாததாக மாறும். எனினும் பழைய சோறு வாந்திபேதிக்கு மருந்து என்பதற்கு வேலூர் ஆய்வு சான்றாகாது. அதில் சோறு சோதிக்கப்படவில்லை.