காலைச் செய்தி வாசிக்கும் சின்னஞ்சிறு நிருபர்கள்

காலை ஏழரை மணி. மணி அடித்ததும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். தேவாரமோ செபமோ முடிகிறது. தேசிய கீதம் முடிகிறது. அடுத்து ஒலிவாங்கி அதிபரின் கைக்குப் போகிறது. சப்பாத்து அணியாதவர் யார், நகம் வெட்டாதவர் யார், வசதிக் கட்டணம் தராதவர் யார் என்ற விசாரணை தொடங்குகிறது. எமது கிராமப்புறங்களில் பல ஆரம்பப் பாடசாலைகளின் காலை ஒன்றுகூடல் இப்படித்தான் நடக்கிறது. ஒலிபெருக்கி என்றாலே ஏச்சு என்று எண்ணப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள சிறிய பாடசாலை ஒன்றில் நாம் கண்டது வேறு. அங்கே ஒன்றுகூடலின் கடைசி எட்டு நிமிடம் பிள்ளைகளுக்கு உரியது. பழைய ரின் ஒன்றைத் தட்டி ஒரு சிறுவன் “செய்திகள்!” என்றதும் முற்றம் அமைதியாகிவிடுகிறது. ஐந்து பிள்ளைகள் முறை வைத்து வாசிக்கிறார்கள். ஒருவர் நேரம் பார்க்கிறார். அடுத்த வாரம் வேறு ஐவர். இந்த முறையில் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு வாரத்துக்குள் எல்லோருக்கும் ஒரு முறை வந்துவிடும். கெட்டிக்காரருக்கு மட்டும் ஒலிவாங்கியைக் கொடுத்தால் அது இன்னொரு போட்டியாகிவிடும் என்பதை அங்குள்ள ஆசிரியை நன்கு உணர்ந்திருந்தார்.

எமது வாசகர்களில் ஆசிரியர்களும் பெற்றாரும் பலர் உள்ளனர். ஆகவே அங்கு கண்டவற்றோடு, நாமும் ஆசிரியர்களும் கலந்து பேசிச் சேர்த்த யோசனைகள் சிலவற்றையும் இங்கே தருகிறோம். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நேற்றைய மழை எவ்வளவு?

“நேற்று நல்ல மழை” என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. “நேற்றுக் காலை முதல் இன்று காலை வரை 32 மில்லிமீற்றர்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அது செய்தி. இதற்கான மழைமானியைச் செலவில்லாமல் செய்யலாம். ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போல் உள்ளே வையுங்கள். போத்தலின் அடி மேடுபள்ளமானது. ஆகவே சிறு கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் மட்டம் வரை நீர் ஊற்றுங்கள். அந்த மட்டமே பூச்சியம். அங்கிருந்து மேலே அடிமட்டத்தின் அளவுகளைக் குறித்து ஒட்டுங்கள். மரமோ கூரையோ மறைக்காத வெளியில், காற்றுக்குச் சாயாதபடி நாலு கல் அணைத்து வைத்தால் போதும். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, மீண்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். வாரம் ஒரு முறை நீரை முழுவதும் மாற்றுங்கள். நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுக்கக் கூடாது.

இதிலிருந்து கணக்கும் பிறக்கிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். 20 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் கொண்ட இடத்தை மூடியுள்ள வகுப்பறைக் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 6,000 லீற்றர். இதைக் காலைச் செய்தியில் கேட்ட பிள்ளை வீட்டில் போய், “அப்பா, எங்கட கூரைத் தண்ணி எல்லாம் எங்க போகுது?” என்று கேட்கும். நல்ல கேள்வி அல்லவா?

பாதையும் வீதியும்

வாவியைக் கடக்கும் மிதவையை மட்டக்களப்பில் ‘பாதை’ என்பார்கள். இன்று பாதை ஓடுகிறதா, காற்று எப்படி, எந்த ஒழுங்கையில் வெள்ளம் நிற்கிறது, இரவு யானை வந்த பக்கம் எது என்பவற்றை ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் சொல்லலாம். தொலைக்காட்சி நிருபரைப் போல் கையில் ஒரு அகப்பையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் சிரிப்பும் வரும், செய்தியும் மனதில் பதியும்.

ஆயினும் இது வெறும் விளையாட்டன்று. 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறினால் இறங்கிவிட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்வது நல்லது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் ரில்லி சிமித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி இருந்தாள். இரு வாரங்களுக்கு முன்புதான் புவியியல் பாடத்தில் ஆழிப்பேரலையின் அறிகுறிகளைப் படித்திருந்தாள். கடலின் மாற்றத்தைக் கண்டு பெற்றாரை எச்சரித்தாள். கரையில் நின்றவர்கள் தப்பினார்கள். பிள்ளையின் செய்தியைப் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்டதும் அங்கே முக்கியம்.

அம்மம்மாவிடம் ஒரு கேள்வி

வாரம் ஒரு பிள்ளை, ஊரில் மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரவேண்டும். “நீங்கள் படித்த பள்ளிக்கூடம் எப்படி இருந்தது?”, “1978ஆம் ஆண்டு சூறாவளி அடித்த இரவில் எங்கே இருந்தீர்கள்?” என்பவை போன்றவை. அந்த ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பை அடித்த சூறாவளியை நினைவில் வைத்திருப்போர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். எந்த வீட்டில் ஒதுங்கினார்கள், தென்னைகள் எப்படி விழுந்தன, மறுநாள் எதைச் சாப்பிட்டார்கள் என்று அவர்கள் சொல்வதை நாலு வரியில் எழுதி வாசித்தால் ஊரின் வரலாறு பாடசாலைக்குள் வந்துவிடும். தன் பெயரைக் காலைச் செய்தியில் சொன்னார்கள் என்று கேள்விப்பட்ட மூதாட்டி ஒருவர், மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் பாடசாலை வாசலில் வந்து நின்றாராம்.

என்ன சத்தம்?

முதலாம், இரண்டாம் தரத்துச் சிறார்கள் அதிகம் விரும்புவது இதைத்தான். ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் தேங்காய் திருவும் சத்தம், சுளகில் அரிசி புடைக்கும் சத்தம், பனையோலை உரசும் சத்தம் ஆகியவற்றில் ஒன்றை எழுப்புகிறார்கள். கையை உயர்த்தியவர் விடை சொல்லலாம். செலவு ஒன்றுமில்லை. காது கூர்மையாகிறது, கூச்சமும் போகிறது.

இன்றைய நொடி, நாளைய விடை

வீட்டில் கேட்டு வந்த நொடி ஒன்றை ஒரு பிள்ளை விடுக்கும். விடை மறுநாள் காலையில்தான். விடை அறியும் ஆவலில் பிள்ளைகள் நேரத்துக்கு வருகிறார்கள் என்று ஆசிரியை எம்மிடம் சிரித்தபடி சொன்னார்.

இரு மொழியில் ஒரு சொல்

தினம் ஒரு தமிழ்ச் சொல்லுக்குச் சிங்களச் சொல் சொல்லலாம். மழை என்றால் வெஸ்ஸ. வீடு என்றால் கெதர. பாலம் என்றால் பாலம. வருடத்தில் ஏறத்தாழ இருநூறு பாடசாலை நாட்கள். ஒரு நாளைக்கு ஒரு சொல் என்றாலும் ஐந்தாம் தரம் முடிக்கும்போது அந்தப் பிள்ளை சந்தையிலும் பேருந்திலும் தடுமாறாது. எமது ஊரின் சொற்களையும் மறக்க வேண்டாம். ‘ஒள்ளுப்பம்’, ‘மறுகா’ என்பவற்றை வெளியூரிலிருந்து வரும் ஆசிரியருக்கு விளக்கும் நிமிடமும் நல்ல நகைச்சுவையாகும்.

கிணற்றுச் செய்தி

இனி, அந்தப் பாடசாலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். செய்தி வாசிப்புத் தொடங்கிச் சில வாரங்களில், அதிகம் கதைக்காத நாலாம் தரத்துச் சிறுமி ஒருத்தி ஒரு துண்டுத் தாளுடன் ஆசிரியையிடம் வந்தாள்.

“ரீச்சர், இதையும் வாசிக்கட்டா?”

தாளில் ஒரே ஒரு வரி: “எங்கள் பாடசாலைக் கிணற்றுத் தண்ணீர் மணக்கிறது. அதனால் நாங்கள் பலர் தண்ணீர் குடிப்பதில்லை.”

ஆசிரியை தயங்கினார். பாடசாலையின் குறையைப் பாடசாலையின் ஒலிபெருக்கியிலேயே சொல்வதா? அன்று காலை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவதாகவும் இருந்தது. தாளை அதிபரிடம் காட்டினார். அதிபர் வாசித்தார். சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “உண்மைதானே. வாசி புள்ள” என்றார்.

அவள் வாசித்தாள். குரல் நடுங்கியது. பிள்ளைகள் சிரிக்கவில்லை. அந்த வாரமே பெற்றார் சிலர் கூடிக் கிணற்றை இறைத்தார்கள். அடியில் அழுகிய இலைகுழைகளும் செத்த தவளைகளும் கிடந்தன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இடுவித்தார். அடுத்த திங்கட்கிழமை அதே சிறுமி, “கிணறு இறைக்கப்பட்டது. இப்போது தண்ணீர் மணக்கவில்லை” என்று வாசித்தாள். இம்முறை குரல் நடுங்கவில்லை.

அவளின் தாளை அதிபர் மடித்துச் சட்டைப்பையில் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? கிணறு அப்படியே கிடந்திருக்கும். உண்மையைச் சொன்னால் பெரியவர்களுக்குப் பிடிக்காது என்ற பாடத்தையும் அவள் அன்றே படித்திருப்பாள்.

சில எல்லைகள்

உண்மை என்பதற்காக எல்லாவற்றையும் வாசிக்க முடியாது. யாருடைய தகப்பன் குடித்தார், யார் வீட்டில் சண்டை, யாருடைய தாய் வெளிநாடு போனார் என்பவை செய்தியல்ல. இவற்றை எழுதிவரும் பிள்ளையை ஏச வேண்டாம். தனியே அழைத்து, அந்த வீட்டுப் பிள்ளையும் வரிசையில் நிற்கிறதே என்று நினைவூட்டுங்கள். சில வேளை அந்தத் தாளில் இருப்பது அந்தப் பிள்ளையின் சொந்தத் துயரமாகவும் இருக்கலாம். அதற்கு ஆசிரியரின் காதுதான் தேவை.

மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்கினால் போதும்: நீ கண்டதா, கேட்டதா? இதனால் யாருக்காவது மனம் நோகுமா? இது எத்தனை பேருக்குப் பயன்படும்? கைத்தொலைபேசியில் வரும் வதந்திகளை நம்பி ஓடும் எம் போன்ற பெரியவர்களுக்கும் இவை பயன்படும்.

ஒலிவாங்கி இல்லாவிட்டால்?

கவலை வேண்டாம். தடித்த மட்டையைச் சுருட்டினால் ஊதுகுழல். பெட்டி ஒன்றில் சதுரம் வெட்டினால் தொலைக்காட்சி. கைத்தொலைபேசியில் பதிந்து பெற்றாரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவதாயின், பெற்றாரின் சம்மதம் முதலில் வேண்டும். எட்டு நிமிடத்தைத் தாண்டவும் வேண்டாம். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள்.

இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ நிகழ்ச்சிக்காக வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த தலைமுறை எமது. 1989ஆம் ஆண்டு கொத்மலையில் சமூக வானொலி தொடங்கியபோது, கிராமத்தவரே தம் குரலைத் தாமே கேட்டு வியந்தார்கள். அந்த வியப்பை எமது சிறார்களும் அடையட்டும்.

அடுத்த தவணை தொடங்கும்போது உங்கள் பாடசாலையில் ஒரு வாரம் முயன்று பாருங்கள். முதல் நாள் மழைச் செய்தி மட்டும் போதும். கேட்க நீங்கள் தயார் என்று கண்டால் மிகுதியைப் பிள்ளைகளே கொண்டு வருவார்கள்.