மோடத்தின் வாயை அடைக்க ஓர் எழுத்தும் ஒரு சுழியமும்

தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தோடு இணையும் டயல்-அப் மோடம், ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் சிறிது நேரம் கீச்சிடும், கரகரக்கும், பிறகு சட்டென்று அடங்கிவிடும். மின்விசிறியின் இரைச்சலைப் போல இயந்திரம் ஓடுவதால் எழும் சத்தம் அல்ல இது. கம்பியில் நடப்பதை வீட்டில் இருப்பவரும் கேட்கட்டும் என்று மோடத்துக்குள் வேண்டுமென்றே வைத்த சிறிய ஒலிபெருக்கியின் சத்தம். ஆகவே அதை அணைத்துவிட்டால் இணைப்பின் வேகமும் குறையாது, தரமும் குறையாது.

தொலைபேசி அமைப்பு மனிதக் குரலுக்காக உருவானது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைத்தான் அது தெளிவாகக் கடத்தும். கணினியின் 0, 1 ஆகியவற்றை இந்த எல்லைக்குள் அடங்கும் அலைகளாக மாற்றி அனுப்புவதும், வரும் அலைகளை மீண்டும் எண்களாக்குவதும் மோடத்தின் வேலை. மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொற்களின் முற்பகுதிகள் சேர்ந்ததே அதன் பெயர். குரலுக்கான பாதையிலேயே போவதால், மோடம் அனுப்பும் எல்லாமே காதுக்குக் கேட்கக்கூடியவை.

சத்தத்தின் வரிசை

முதலில் கேட்கும் ‘டிக்’ ஒலி, மோடத்தில் உள்ள ரிலே தொலைபேசி இணைப்பை எடுப்பதைக் காட்டுகிறது. கையால் ரிசீவரைத் தூக்குவதற்கு இது சமம். அடுத்து டயல் டோன். பிறகு எண்கள்: ஒவ்வோர் இலக்கமும் இரண்டு ஒலிகளின் கலவை. 5 என்ற எண்ணுக்கு 770 ஹெர்ட்ஸும் 1,336 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும்.

மறுமுனை மோடம் அழைப்பை எடுத்ததும் 2,100 ஹெர்ட்ஸில் நீளமாக ஒரு ஒலி எழுப்பும். தொலைதூர இணைப்புகளில் பேசுபவரின் குரல் எதிரொலித்துத் திரும்பாமல் இருக்கத் தொலைபேசி நிறுவனங்கள் வைத்திருக்கும் கருவிகள், இரு மோடங்களும் ஒரே நேரத்தில் பேசுவதைக் கெடுத்துவிடும். அவற்றை அணைக்கவே இந்த ஒலி 450 மில்லி நொடிக்கு ஒரு முறை தலைகீழாகப் புரட்டப்படுகிறது.

பின்னர் இரண்டு மோடங்களும் தமக்குத் தெரிந்த தர முறைகளைச் சொல்லிக்கொள்கின்றன. 1994இல் வந்த வி.34 முறையில், 150 முதல் 3,750 ஹெர்ட்ஸ் வரை இடைவெளி விட்டு அமைந்த 21 ஒலிகளை அனுப்பி, எந்த அதிர்வெண் கம்பியில் எவ்வளவு தேய்கிறது என்று அந்த மோடங்கள் அளந்து பார்க்கின்றன. 1998இல் வந்த, நொடிக்கு 56,000 பிட் வரை பெறும் வி.90 மோடங்களும் இதே சோதனையைச் செய்கின்றன. கடைசியில் வரும் ‘ஷ்ஷ்’ என்ற இரைச்சல், தகவல் கலைத்துப் பரப்பப்பட்டு முழு அலைவரிசையையும் நிரப்புவதால் எழுவது.

இணைப்பு கிடைத்ததும் சத்தம் நின்றுவிடுவதாகத் தோன்றும். உண்மையில் ஒலிபெருக்கிதான் நிற்கிறது, கம்பியில் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே இணைப்பில் உள்ள இன்னொரு தொலைபேசியை எடுத்தால் அது காதில் விழும். அப்படி எடுப்பதால் இணைப்பு அறுந்துபோகவும் கூடும்.

அணைக்கும் கட்டளை

1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடம், கணினியிலிருந்து எழுத்துகளாக வரும் கட்டளைகளை ஏற்று நடந்தது. ‘கவனி’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான ‘ஏடி’யில் கட்டளைகள் தொடங்கும். பிற நிறுவனங்களும் இதையே பின்பற்றியதால், எந்த மோடமாக இருந்தாலும் ஒலிபெருக்கிக்கான கட்டளை பெரும்பாலும் ஒன்றுதான்.

அந்தக் கட்டளையின் எழுத்து ‘எம்’. ‘எம்0’ என்றால் ஒலிபெருக்கி எப்போதும் மௌனம். ‘எம்1’ என்றால் இணைப்பு கிடைக்கும் வரை மட்டும் ஒலி. ஆலையிலிருந்து வரும்போது மோடம் வழக்கமாக இந்த நிலையில்தான் இருக்கும். ‘எம்2’ என்றால் இடைவிடாத ஒலி. முழுக் கட்டளை ‘ஏடிஎம்0’. பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் இதற்கும் உறவில்லை. இறுதியில் வருவது சுழியம். ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைத் தட்டினால் பலிக்காது. ஒலியை அணைக்காமல் தணிக்க மட்டும் ‘எல்’ உண்டு: ‘எல்1’ தாழ்வு, ‘எல்2’ நடுத்தரம், ‘எல்3’ உரப்பு. சில மோடங்கள் ‘எல்’ கட்டளையைப் பொருட்படுத்துவதில்லை.

கட்டளையை ஒரு முறை தட்டினால் மட்டும் போதாது. இணையத்துக்கு அழைக்கும் மென்பொருள், ஒவ்வொரு முறையும் மோடத்தைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் எண்ணைச் சுழற்றும். அப்போது பழைய அமைப்பு அழிந்துபோகும். ஆகவே கட்டளையை அந்த மென்பொருளிடமே ஒப்படைக்க வேண்டும். விண்டோஸ் 98இல் கண்ட்ரோல் பேனலில் ‘மோடம்ஸ்’ பகுதியைத் திறந்து, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ஒலி அளவுக்கான நகர்த்தியை இடக்கோடிக்குத் தள்ளினால் போதும். விண்டோஸ் எக்ஸ்பியில் அது ‘ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் இருக்கிறது. நகர்த்தி இயங்காவிட்டால், ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் கூடுதல் கட்டளைக்கான கட்டத்தில் ‘எம்0’ என்று எழுதலாம். லினக்ஸில், அழைக்கும் நிரலின் அமைப்புக் கோப்பில் உள்ள தொடக்கக் கட்டளை வரியில் இதைச் சேர்க்க வேண்டும்.

அதற்கும் அடங்காவிட்டால்

மென்பொருளை நம்பி இயங்கும் மலிவு வகை உள் மோடங்கள் சிலவற்றில் சொந்த ஒலிபெருக்கி இருக்காது. ஒலி, கணினியின் சவுண்ட் கார்டு வழியாக வெளியே வரும். அங்கே ஒலிக் கலப்பானில் தொலைபேசிக்கு உரிய நகர்த்தியை இறக்க வேண்டும். வெளியே வைக்கும் மோடங்கள் சிலவற்றில் ஒலியைக் குறைக்கத் திருகு குமிழே இருக்கும்.

மோடத்தைத் திறந்து ஒலிபெருக்கியின் துளையை ஒட்டுநாடாவால் மூடுவது கடைசி வழி. தொலைபேசிக் கம்பியில் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கும்போது அதைவிட அதிகமான மாறுமின்னழுத்தம் பாயும். ஆகவே மின்சாரத்தோடு தொலைபேசிக் கம்பியையும் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும்.

‘எம்0’ கொடுத்த பிறகும் ரிலேயின் ‘டிக்’ ஒலி கேட்கும். அது ஒலிபெருக்கியிலிருந்து வருவதில்லை என்பதால் எந்தக் கட்டளைக்கும் கட்டுப்படாது. பழைய பல்ஸ் முறையில் எண் சுழற்றும் மோடத்தில் இந்த ‘டிக் டிக்’ இன்னும் கூடுதலாகவே இருக்கும்.

மௌனத்தின் விலை

ஒலிபெருக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. டயல் டோன் இல்லை, லைன் எங்கேஜ்டு என்பதையெல்லாம் காதே சொல்லிவிடும். இந்த வேலையை ‘எக்ஸ்4’ கட்டளைக்குக் கொடுக்கலாம். மோடமே அந்த ஒலிகளை இனங்கண்டு திரையில் எழுத்தாகக் காட்டும். மோடத்துக்குப் பழக்கமில்லாத டயல் டோன் உள்ள இடங்களில், அதற்காகக் காத்திராமல் எண்ணைச் சுழற்ற ‘எக்ஸ்3’ உதவும்.

தவறான எண்ணை மட்டும் மோடத்தால் கண்டுபிடிக்க முடியாது. யாரோ ஒருவர் எடுத்து ‘ஹலோ, ஹலோ’ என்று கேட்டாலும், இணைப்பு கிடைக்கவில்லை என்று மட்டும் அது சொல்லும். தானாகத் திரும்ப அழைக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதே வீட்டை மறுபடி மறுபடி எழுப்பும். எனவே புதிய எண்ணை முதல் முறை ‘எம்1’ நிலையில் ஒலியோடு அழைத்து, எடுப்பது மோடம்தான் என்று உறுதி செய்துகொண்டு, பிறகு ‘எம்0’ கொடுப்பதே முறை.