தலைவலிக்கும் ஒரு பதிவேடு

ஆசிரியர் ஓய்வறை மேசை இழுப்பறையில் சுண்ணக்கட்டி இருக்கிறதோ இல்லையோ, ஒரு தலைவலி மாத்திரை அட்டை இருக்கும். "ஒண்ணு குடுங்க டீச்சர், அடுத்து நைன்த் பி" என்று வாங்கி விழுங்கிவிட்டு வகுப்புக்குப் போவது நமக்குப் பழகிய காட்சி. அதே நாளில், மேசையில் தலை சாய்த்த மாணவியைப் பார்த்து, "கணக்குப் பாடம் வந்தா மட்டும் இவளுக்குத் தலைவலி வந்துடும்" என்று யாரேனும் சொல்வதையும் கேட்டிருப்போம். பெரியவர்களின் வலிக்கு உடனே மாத்திரை, பிள்ளைகளின் வலிக்கு உடனே சந்தேகம். இந்த இரண்டுமே சரியான சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன.

நான் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளாக மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலியுடன் வாழ்கிறேன். அந்த வகையில் தெரிந்துகொண்டவற்றில் நம் பணிக்குப் பயன்படுபவற்றை இங்கே பகிர்கிறேன்.

வெறும் தலைவலி அல்ல

மைக்ரேன் ஒரு நரம்பியல் நோய். உலகில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு இது உண்டு. பெரியவர்களுக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் ஒரு தாக்குதல் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். தலையின் ஒரு பக்கம் துடிப்பதுபோல் வலிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். குமட்டல் வரும், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. முகத்துக்கும் மூளை உறைக்கும் செல்லும் முக்கிளை நரம்பு தூண்டப்பட்டு, சி.ஜி.ஆர்.பி. என்னும் புரதத் துணுக்கு வெளியாவது இதில் முக்கிய நிகழ்வு. இதைக் கண்டறிந்து புதிய மருந்துகளுக்கு வழி திறந்த நான்கு ஆய்வாளர்களுக்கு 2021-இல் 'மூளைப் பரிசு' வழங்கப்பட்டது.

பிள்ளைகளிடம் இதே நோய் கொஞ்சம் வேறு உருவத்தில் வரும். வலி இரு பக்கமும் இருக்கலாம். 2 மணி நேரத்திலேயே அடங்கிவிடலாம். சிலருக்குத் தலை வலிக்காமல் வயிறு வலித்து வாந்தி மட்டும் வரும். காலை இரண்டாம் பாடவேளையில் துவண்டு கிடந்த பிள்ளை மதிய இடைவேளையில் ஓடி விளையாடுவதைப் பார்த்து, "நடிப்பு" என்று முடிவு கட்டிவிட முடியாது. அது நோயின் இயல்பாகவே இருக்கலாம். பருவமடைந்த பிறகு பெண்களிடம் மைக்ரேன் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்று மாதம் தாண்டிய வலி

எந்த வலியும் 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். கால் மணி நேரம் நின்றாலே பிடித்துக்கொள்ளும் இடுப்பு, விடைத்தாள் கட்டு முடியும் முன் இறுகிவிடும் கழுத்து என நம்மில் பலருக்கு இது சொந்த அனுபவம். நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலமே மிகையான உணர்திறன் பெற்றுவிடலாம். வாசல் மணியை யாரும் தொடாமலேயே அது அடித்துக்கொண்டிருப்பது போன்ற நிலை. ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் வலி உண்மையானதே.

இங்கே மாத்திரை ஒரு எல்லைக்குப் பிறகு எதிரியாகிறது. சாதாரண வலி நிவாரணியை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, பல மருந்துகள் கலந்த மாத்திரையையும் டிரிப்டான் வகை மருந்தையும் மாதத்தில் 10 நாள்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து எடுத்தால், அந்த மருந்தே தலைவலியை உண்டாக்கத் தொடங்கலாம். ஓய்வறை இழுப்பறை அட்டையைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

ஒருங்கிணைந்த சிகிச்சை

ஒரு மாணவருக்கு வாசிப்பு வரவில்லை என்றால் வகுப்பாசிரியர், பெற்றோர், சிறப்பாசிரியர், கண் மருத்துவர் எல்லோரும் சேர்ந்துதான் காரணம் தேடுகிறோம். வலிக்கும் அப்படித்தான். மருத்துவர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர், நோயாளி ஆகிய நால்வரும் ஒரே திட்டத்தின்படி இயங்குவதே ஒருங்கிணைந்த சிகிச்சை.

2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. நாள்பட்ட மைக்ரேன் கொண்ட, 10 முதல் 17 வயது வரையிலான 135 பேர் அதில் பங்கேற்றனர். எல்லோருக்கும் ஒரே மருந்துதான். ஒரு பிரிவினருக்கு அதனுடன் தலைவலி பற்றிய விளக்கக் கல்வி தரப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு மருந்துடன் சிந்தனை, நடத்தை சார்ந்த உளவியல் பயிற்சி தரப்பட்டது: மூச்சைச் சீராக்குவது, தசைகளைத் தளர்த்துவது, 'இன்று நாள் முழுக்கப் போச்சு' என்ற எண்ணத்தை எதிர்கொள்வது போன்றவை. 20 வாரங்களுக்குப் பிறகு, பயிற்சி பெற்றவர்களில் 66 விழுக்காட்டினருக்குத் தலைவலி நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. மற்றப் பிரிவில் அது 36 விழுக்காடு. உளவியல் பயிற்சி என்றால் 'எல்லாம் மனசுதான்' என்று பொருளல்ல. மூளை கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தை வேறு பழக்கத்தால் மாற்றுகிறோம். அது நம் தொழிலும்கூட.

இடுப்பு வலிக்கும் பாதை இதுவே. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் விளக்கக் கல்வி, உடற்பயிற்சி, உளவியல் பயிற்சி ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை.

கைப்பேசி எங்கே உதவும்?

முதலாவது, பதிவு. வலி வந்த நாள், நேரம், பத்துக்கு எத்தனை என்ற அளவு, முந்தைய இரவுத் தூக்கம், உணவு, மாதவிடாய், எடுத்த மாத்திரை ஆகியவற்றைக் கைப்பேசிச் செயலியிலோ நாற்பது பக்க நோட்டிலோ குறித்துவைக்கலாம். தினமும் எமிஸ் செயலியில் வருகையைப் பதியும் நமக்கு இது ஒரு நிமிட வேலை. என் மூன்று மாதப் பதிவில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. விடைத்தாள் திருத்தும் நாள்களில் வலி வரவில்லை. பணி முடிந்த அந்த வாரச் சனி, ஞாயிறில் வந்தது. மருத்துவர் அதைப் பார்த்ததும் விடுமுறை நாளில் எத்தனை மணிக்கு எழுவேன் என்றுதான் முதலில் கேட்டார். அழுத்தம் திடீரென்று தளர்வதும் தூக்க நேரம் மாறுவதும் மைக்ரேனைத் தூண்டக்கூடியவை. "அடிக்கடி வலிக்குது டாக்டர்" என்ற வாக்கியத்தால் இது வெளிவந்திருக்காது.

இரண்டாவது, தொலைமருத்துவம். நார்வேயின் டிராம்ஸோ நகரில் 402 தலைவலி நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், காணொளி வழி ஆலோசனை நேரடி ஆலோசனைக்குக் குறைந்ததாக இல்லை. அவசரமற்ற தலைவலிகளுக்குத்தான் இது பொருந்தும். நம் நாட்டில் இ-சஞ்சீவனி சேவை வழியாக வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசலாம். மன அழுத்தம் சேர்ந்திருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண் உண்டு. வீட்டில் முதியவர் வலியோடு படுக்கையில் இருந்தால், தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி, நோய் தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன.

மூன்றாவது, இணையவழிப் பயிற்சி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 முதல் 17 வயதுடைய 273 பேரிடம் ஓர் இணையவழி வலி மேலாண்மைப் பயிற்சி சோதிக்கப்பட்டது. பெற்றோருக்கும் அதில் தனிப் பாடங்கள் உண்டு. பயிற்சி பெற்றவர்களுக்கு வலியின் அளவு மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறைந்துவிடவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் அவர்களுடைய அன்றாடச் செயல்பாடுகளில் இருந்த தடைகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. 'வலி முழுசா போகட்டும், அப்புறம் பள்ளிக்கு அனுப்புறோம்' என்று சொல்லும் பெற்றோரிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

செயலியை நம்பும் முன்

'மருந்தில்லாமல் ஏழே நாளில் குணம்' என்று சொல்லும் செயலியை அழித்துவிடுங்கள். யார் உருவாக்கியது, மருத்துவர் பங்கேற்றாரா, நம் விவரங்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். ஜெர்மனியில் 2020 முதல் மருத்துவர்கள் சில செயலிகளை மருந்துபோலவே பரிந்துரைக்கலாம். அந்த ஆண்டு தற்காலிகமாகப் பட்டியலில் இடம்பெற்ற மைக்ரேன் செயலி ஒன்று 2022-இல் பட்டியலிலிருந்து வெளியேறியது. அழகான திரை ஒன்றே சான்றாகிவிடாது. செயலியைப் பார்த்து மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் கூடாது. மாணவரின் வலிப் பதிவு அவருடைய அந்தரங்கம். அதை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது.

வகுப்பறையில் நாம்

• தலைவலி என்று சொன்ன பிள்ளையை முதலில் நம்புவோம். தண்ணீர் கொடுத்து, வெளிச்சமும் சத்தமும் குறைந்த இடத்தில் அரை மணி நேரம் அமரவைப்போம். தேறியதும் வகுப்புக்கு அழைத்துக்கொள்வோம்.

• மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்து இருந்தால், வலி தொடங்கியதுமே எடுப்பதுதான் பலன் தரும். பெற்றோரின் எழுத்து அனுமதியோடு அதற்கு ஏற்பாடு செய்யலாம். நம் இழுப்பறை மாத்திரையைப் பிள்ளைக்குத் தர வேண்டாம்.

• காலையில் சாப்பிட்டாயா என்று கேட்போம். பட்டினி ஒரு முக்கியத் தூண்டுகோல். தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. மேல் வகுப்புப் பிள்ளைகளை யார் கேட்பார்கள்?

• அடிக்கடி வலி வருபவரை இறைவணக்கக் கூட்டத்தில் நிழலில் நிறுத்தலாம். வகுப்பில் சன்னல் கூச்சம் படாத இடம் தரலாம்.

• கண் பரிசோதனை அவசியம். ஆனால் கண்ணாடி போட்ட பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் மீண்டும் அனுப்புவோம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம்.

காத்திருக்கக் கூடாதவை

திடீரென்று இடிபோல் தாக்கும் கடும் தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியுடன் அதிகாலை வாந்தி ஆகியவை இருந்தால் செயலியும் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்; 108-ஐ அழைக்கலாம்.

மற்றத் தலைவலிகளுக்கு ஒரு மாதப் பதிவோடு தொடங்கலாம். உங்கள் வகுப்பில் மாதம் இரண்டு முறைக்கு மேல் தலைவலி என்று சொல்லும் பிள்ளைகள் யார் யார் என்று குறித்துப் பாருங்கள். ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தால், தேதிகளோடு அந்தத் தாளைப் பெற்றோரிடம் கொடுங்கள். மருத்துவரிடம் அவர்கள் கொண்டுபோகும் மிக உபயோகமான ஆவணம் அதுவாக இருக்கக்கூடும்.