வில்லோபி: 1 போட்ட பிறகு 2 எதற்கு?

சிட்னி துறைமுகப் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் ஆர்டார்மன், சாட்ஸ்வுட், நார்த்பிரிட்ஜ், காசில்கிராக் என்று புறநகர்கள் வரும். கான்பரா நகருக்கு வரைபடம் போட்ட வால்டர் பர்லி கிரிஃபின்தான் காசில்கிராக்கையும் வடிவமைத்தார். நியூ சவுத் வேல்ஸ் சட்டப்பேரவையின் 93 தொகுதிகளில் இந்தப் பகுதியின் தொகுதிக்குப் பெயர் வில்லோபி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் மாதத்தில் தேர்தல். வாக்களிப்பது கட்டாயம், போகாவிட்டால் அபராதம்.

இதுவரை எளிது. எண்ணும் முறையைத்தான் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வாக்குச்சீட்டில் முத்திரை கிடையாது. பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண் போட வேண்டும். முதல் சுற்றில் யாரும் பாதியைத் தாண்டவில்லை என்றால், கடைசியில் இருப்பவரை நீக்குவார்கள். அவர் வாங்கிய சீட்டுகளை எறிந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றிலும் 2 யாருக்கோ அவருக்குப் போய்ச் சேரும். ஒருவர் பாதியைத் தாண்டும்வரை இப்படியே நடக்கும். ஆகவே ஜெயிக்க முடியாத சுயேச்சைக்கு மனதாரப் போடலாம், வாக்கு வீணாகாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் மாநிலத் தேர்தலில் 1 மட்டும் போட்டாலும் சீட்டு செல்லும். அந்த வேட்பாளர் நீக்கப்பட்டால், உங்கள் சீட்டு அத்தோடு ஒதுங்கிவிடும். கடைசி இருவரில் யார் வேண்டும் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று ஆகிறது.

ஒவ்வொரு சீட்டும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வில்லோபியே சாட்சி. 2003-இல் அதன் உறுப்பினர் பீட்டர் காலின்ஸ் ஓய்வு பெற, லிபரல் கட்சி கிளாடிஸ் பெரெஜிக்லியனை நிறுத்தியது. ஆர்மீனியக் குடியேறிகளின் மகள். ஐந்து வயதுவரை ஆங்கிலம் பேசாதவர். எதிரே சுயேச்சையாக நின்றவர் உள்ளூர் மேயர் பாட் ரெய்லி. நீக்கப்பட்டவர்களின் சீட்டுகளையும் சேர்த்து எண்ணி முடித்தபோது வித்தியாசம் வெறும் 144. அப்படி நுழைந்தவர் போக்குவரத்து அமைச்சராகி, நிதியமைச்சராகி, 2017-இல் மாநில முதல்வரானார்.

2019-இல் அதே தொகுதியில் இறுதிக் கணக்கில் நூற்றுக்கு 71 வாக்கு அவருக்கு. கோட்டை என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஊழல் தடுப்பு ஆணையம் அவரைப் பற்றிய விசாரணையை அறிவித்ததும் 2021 அக்டோபரில் முதல்வர் பதவியை விட்டார்; பின்னர் தொகுதியையும் விட்டார். 2022 பிப்ரவரி இடைத்தேர்தலில் லேபர் கட்சி போட்டியிடவே இல்லை. லிபரல் வேட்பாளர் டிம் ஜேம்ஸுக்கும் சுயேச்சை லாரிசா பென்னுக்கும்தான் முக்கியப் போட்டி. ஜேம்ஸ் ஜெயித்தார், ஆனால் 71 ஏறத்தாழ 53 ஆகிவிட்டது. மூன்றே ஆண்டில் இவ்வளவு சரிவு. ஆள் போனால் அவருக்கு விழுந்த வாக்கும் போகலாம். கட்சிகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு இதே மக்கள் வேறு தொகுதியில் வாக்களிக்கிறார்கள். இந்தப் பகுதியின் பெரும்பங்கு இப்போது பிராட்ஃபீல்டு தொகுதியில் இருக்கிறது. அங்கே எல்லாக் கட்டங்களிலும் எண் போட்டே ஆக வேண்டும். 2025-இல் அங்கு முதல் எண்ணிக்கையின் முடிவில் லிபரல் வேட்பாளர் 8 வாக்கு முன்னிலையில் இருந்தார். மறு எண்ணிக்கையில் சுயேச்சை நிக்கோலெட் போலே 26 வாக்கில் ஜெயித்தார்.

சிட்னியில் வாக்குரிமை பெற்ற உறவினர் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள்: மாநிலத் தேர்தலில் 1-உடன் நிறுத்திவிட வேண்டாம்.