உவரிதான் ஓபீரா?

திசையன்விளைக்கு அருகே, மன்னார் வளைகுடாவின் தென்கோடியில் உள்ள கடற்கரை ஊர் உவரி. அந்தோணியார் திருத்தலத்தை நாடி வருவோரும், கடலோரத்துச் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கு வருவோரும் அந்த ஊரை நன்கறிவார்கள். இரு சாராரிடமும் நெடுநாளாக உலவிவரும் செய்தி ஒன்றுண்டு. விவிலியத்தில் சாலமோன் மன்னருக்குப் பொன் வந்த 'ஓபீர்' என்னும் துறைமுகம் உவரிதான் என்பதே அது. சுற்றுலாக் குறிப்புகளிலும் சமூக ஊடகங்களிலும் அது உறுதிப்பட்ட வரலாறாகவே எழுதப்படுகிறது.

இத்தகைய செய்தி கைக்கு வரும்போது நம்மில் பலர் பெருமிதத்துடன் அடுத்தவருக்கு அனுப்புகிறோம். சிலர் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். உண்மைதானா என்று பார்ப்பவர் குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அதற்கு நியாயமான காரணம் இருந்தது. இதைச் சரிபார்க்கத் தேவையான நூல்கள் பெருநகரப் பெருநூலகங்களில்தான் இருந்தன. இன்று அவற்றில் பெரும்பாலானவை ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் கைப்பேசியில் திறக்கின்றன. ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில் பெயரிலிருந்து தொடங்கலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதிகள் தளத்தில் தேடும் வசதியுடன் கிடைக்கிறது. 'உவரி' என்று தேடினால் உவர்நீர், கடல் என்ற பொருள்கள் வருகின்றன. அதே தளத்தில் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியும் உண்டு. அதில் உப்பு, உவர், உவரி ஆகியவை ஒரே குடும்பத்துச் சொற்களாக, பிற திராவிட மொழிகளின் இணைச்சொற்களோடு நிற்கின்றன. ஆக, உப்புக் காற்று வீசும் கடற்கரை ஊருக்கு உவரி என்று பெயர் வரச் சாலமோனின் கப்பல் எதுவும் தேவைப்படவில்லை. இதனால் ஓபீர் வாதம் பொய்த்துவிடாது. ஆனால், பெயரொற்றுமையைச் சான்றாகக் காட்டுவோர் இந்த எளிய விளக்கத்தைத் தாண்டியாக வேண்டும்.

அடுத்து மூல நூல். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்புகளும் எபிரேய மூலமும் இணையத்தில் இருக்கின்றன. அரசர்கள் முதல் நூலின் 9, 10-ஆம் அதிகாரங்களைப் பொறுமையாகப் படித்தால், வழக்கமான பேச்சில் கலந்துவிட்ட இரண்டு செய்திகள் பிரிந்து நிற்பதைக் காணலாம். ஓபீரிலிருந்து வந்தவை பொன்னும், ஒருவகை மரமும், விலையுயர்ந்த கற்களும். செங்கடற்கரையில் கட்டப்பட்ட கப்பல்கள் 420 தாலந்து பொன்னைக் கொண்டுவந்தன. தந்தமும் குரங்கும் மயிலும் வந்ததாகச் சொல்லும் வசனமோ, மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிய தர்சீசுக் கப்பல்களைப் பற்றியது. அங்கே ஓபீர் என்ற பெயரே இல்லை. 'மயில் போனது தமிழகத்திலிருந்து. எனவே ஓபீர் தமிழகம்' என்ற வாதத்தின் முதல் கண்ணி இங்கேயே தளர்கிறது.

கலைக்களஞ்சியங்களைப் புரட்டினால் ஓபீருக்கு உரிமை கோரும் இடங்களின் வரிசை நீள்கிறது. தொடக்கநூலின் 10-ஆம் அதிகாரம் ஓபீரை அரேபியக் குலங்களின் பெயர்களுக்கிடையே வைக்கிறது. அதனால் அறிஞர்கள் பலரின் பார்வை தென்அரேபியாவின் பக்கம் திரும்புகிறது. கிழக்கு ஆப்பிரிக்கா என்பாரும் உண்டு. யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அதை இந்தியாவைச் சேர்ந்த நாடு என்றார். விவிலியத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அப்பெயர் சகர ஒலியோடு தொடங்குவதால், மும்பைக்கு அருகிலுள்ள சோப்பாராவைச் சுட்டுவோரும் இருக்கிறார்கள். 1568-இல் ஸ்பானியர் சென்றடைந்த பசிபிக் தீவுகளுக்குச் 'சாலமன் தீவுகள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் இந்தப் பொன்னாசையால்தான். இவ்வளவுக்கும் நடுவே கையில் பிடிக்கக்கூடிய சான்று ஒன்றும் இருக்கிறது. இஸ்ரேலின் டெல் காசிலே என்ற இடத்தில் 1946-இல் கிடைத்த, கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பானை ஓட்டில் 'ஓபீர்ப் பொன்' என்ற குறிப்பு இருக்கிறது. அப்படியொரு பொன் வணிகத்தில் புழங்கியது உறுதி. அது எந்த ஊர்ப் பொன் என்பதை ஓடு சொல்லவில்லை.

தேடல் இந்த இடத்தில் சொந்த மண்ணுக்கே திரும்புவதுதான் வியப்பு. எபிரேய மூலத்தில் மயிலைக் குறிப்பதாகக் கருதப்படும் 'துகி' என்ற சொல், தமிழின் 'தோகை'தான் என்று 1856-இல் எழுதியவர் ராபர்ட் கால்டுவெல். உவரிக்கு அண்மையிலுள்ள இடையன்குடியில் பல்லாண்டுகள் வாழ்ந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமும், 1881-இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாறும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் முழுமையாகக் கிடைக்கின்றன. அந்த எபிரேயச் சொல்லை எகிப்திய மொழியோடு இணைத்து, அது ஒருவகைக் குரங்கையே குறிக்கும் என்று பின்னாளில் வாதிட்டோரும் உண்டு. தோகை வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால், அது முடிந்த வழக்கு அல்ல.

பழைய நூல்களைத் தேடுவோர்க்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிக்குமேல் அகப்படாது. திருநெல்வேலியை 'டின்னவேலி' என்றும், தூத்துக்குடியை 'டூட்டிகோரின்' என்றும் ஆங்கிலத்தில் எழுதித் தேட வேண்டும். உவரியே 'ஓவரி' என்றும் எழுதப்பட்டிருக்கிறது. தூத்துக்குடி 1986 வரை நெல்லை மாவட்டத்துக்குள் இருந்ததையும் மறக்கக் கூடாது. விக்கிப்பீடியாவைப் பொறுத்தவரை, கட்டுரையைவிட அதன் அடிக்குறிப்புகளே பயனுள்ளவை. அடிக்குறிப்பு இல்லாத வரியைத் திண்ணைப் பேச்சாக எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. கேட்டவுடன் வழுவழுப்பாகப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே அளவுகோல்தான். 'யார் சொன்னது, எந்த நூலில்?' என்ற கேள்விக்கு விடை தராத பதிலை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

இதுவரை சொன்ன தேடலில் தமிழ் மட்டுமே அறிந்த வாசகர் எவ்வளவு தூரம் வந்திருக்க முடியும்? பேரகராதி வரை வரலாம். விவிலிய வசனங்கள் வரை வரலாம். டெல் காசிலே ஓடும், ஜோசிபஸும், கால்டுவெல்லின் ஆங்கில நூலும் அவருக்கு எட்டாதவை. தமிழில் தளங்களே இல்லை என்பதல்ல குறை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியம், ஈழத்து நூல்களைக் காக்கும் நூலகம் தளம் என்று நம்மிடம் இருப்பவை பெருஞ்செல்வங்கள். ஆனால், பழைய நூல்களைக் காப்பதில் காட்டிய ஊக்கத்தை, இன்றைய கேள்விகளுக்குத் தமிழில் விடை எழுதுவதில் நாம் காட்டவில்லை. ஓபீர் குறித்த ஒரு நல்ல தமிழ்க் கட்டுரை கைக்கெட்டும் தொலைவில் இருந்திருந்தால், உவரிப் பிள்ளைகளுக்கு வதந்தியைவிடச் சுவையான செய்தி கிடைத்திருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கடற்கரையில் வாழ்வோருக்குத் தெரிந்தவை இணையத்துக்கு வந்து சேரவில்லை. சென்னையில் வஞ்சிரம் என்னும் மீன் தூத்துக்குடிப் பக்கம் சீலா. குமரிக் கரையில் நெய்மீன். மூன்றும் ஒன்றே என்பதற்கு 'ஸ்காம்பரோமோரஸ் கமர்சன்' என்ற அறிவியல் பெயர்தான் சாட்சி. பல மொழிகளின் மீன் பெயர்களைத் திரட்டும் 'ஃபிஷ்பேஸ்' தளத்தில் தமிழ்ப் பெயர்களும் உண்டு. பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய நூலிலும் உள்ளூர்ப் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. பல்லுயிர் நூலகத் தளங்களில் அதன் வண்ணமற்ற, நுட்பமான ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காற்றுகளின் நிலைமைதான் மோசம். கச்சான் என்றால் மேல்காற்று என்ற அளவில் அகராதி நின்றுவிடும். அது எந்த மாதத்தில் எழும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மீன் கரையணையும் என்பதெல்லாம் இன்னும் மூத்த மீனவர்களின் நாவில்தான் இருக்கிறது. உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' போன்ற நாவல்களில் அச்சொற்களில் பலவற்றை ஏற்றிவைத்தார். நாவலில் இருக்கும் சொல்லை, தேவைப்படும் வேளையில் தேடி எடுப்பது எளிதல்ல.

ஒரு சொல் உரிய இடத்தை அடைந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் 'கள்ளக்கடல்' சாட்சி. காற்றோ மழையோ அறிகுறி காட்டாமல், தெளிந்த வானத்தின் கீழ் திடீரெனக் கடல் ஏறிவருவதைக் கேரள, குமரிக் கரை மீனவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். தென் இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் எழும் புயல்களின் நீளலைகள் பல நாள்கள் பயணம் செய்து நம் கரையை அறைவதே அதன் காரணம் என்று அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். 2012-இல் யுனெஸ்கோவும் அச்சொல்லை ஏற்றுக்கொண்டது. ஹைதராபாதிலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அலை உயரம், நீரோட்டம், மீன்வளப் பகுதிகள் ஆகியவற்றோடு கள்ளக்கடல் எச்சரிக்கையையும் தன் தளத்தில் வெளியிடுகிறது. 2024 மே 6 அன்று குமரி மாவட்ட லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துச் சென்றது. எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. வெளியூரிலிருந்து கடலைப் பார்க்க வருவோரில் எத்தனை பேருக்கு இப்படியொரு தளம் இருப்பது தெரியும்?

தமிழ் விக்சனரியில் ஒரு சொல்லைச் சேர்க்கப் பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. விக்கிமீடியா பொதுவகத்தில் ஒலிப்பதிவையும் ஏற்றலாம். கடலோரப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் தங்கள் தாத்தாக்களிடம் காற்றின் பெயர்களைக் கேட்டு, அவை வீசும் மாதத்தையும் திசையையும் அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து ஏற்றுவதற்குத் தேவை ஒரு கைப்பேசியும், அந்தப் பக்கத்தில் எங்கே தட்டச்சு செய்ய வேண்டும் என்று காட்டித்தரும் ஓர் ஆசிரியரும்தான்.